காலியாக இருக்கக் கூடாத கட்டம்

என்ன வலி என்று எழுதுவது? முழங்கால் வலியைச் சொல்லலாமா? அது மாடிப்படி ஏறினால் மட்டும்தான் வருகிறது. கடைவாய்ப் பல் ஒன்று வலித்துக்கொண்டிருந்தது, அதையும் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. மனசு வலி என்று சொன்னால் எந்த மனசு, யாரால் என்று அடுத்த கேள்வி வருமோ? ஒன்றுமில்லை என்று உள்ளதை எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ?

அவள் கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இணைய எழுத்து மற்றும் சந்தைப்படுத்தல் பயிலகத்தில் சேர விரும்புகிறவர்களிடம் பெயருக்கும் முகவரிக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி அது: ‘உங்கள் வலிப்புள்ளி எது?’ பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி செய்து வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் முழங்காலையே எழுதினாள். ‘இன்னும் ஆழமாகச் செல்லுங்கள்’ என்றது திரை. ‘இரண்டு முழங்கால்களும்’ என்று திருத்தினாள். அடுத்த பக்கம் திறந்தது.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதும், பிரேமை அவரவர் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி வளைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. அப்படி வந்து போகிறவர்களைப் பற்றிச் சின்னச் சின்னதாக எழுதி இணையத்தில் போடுவாள். அதைப் படிப்பது அவளுடைய தங்கை மட்டும்தான். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் வாசகர் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

“நாலு பேரு படிக்கணும்க்கா. நான் ஒருத்தியே எல்லாருக்கும் சேத்து எத்தனை தடவை சிரிக்கறது?” என்று தங்கைதான் பயிலகத்தைத் தேடிப் பிடித்தாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தாள். மருந்தின் வேகத்தில் தலைமுடி முழுக்கக் கொட்டிப்போய், தலை வழவழவென்று இருந்தது. கடை முதலாளிக்கும் இந்த யோசனை பிடித்திருந்தது. “கத்துக்கிட்டு வாம்மா, நம்ம கடையையும் நெட்ல தூக்கி நிறுத்திடலாம்” என்றார்.

பயிலகம் ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. பாடங்கள் எல்லாம் இணையத்தில்தான். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை நேரில் வந்தாக வேண்டும். திரையில் முகத்தை மறைத்துக்கொள்ள முடிகிறது என்று காரணம் சொன்னார்கள். ஜன்னல்களில் கெட்டியான தாள் ஒட்டியிருந்தது. முன்சுவரில் பெரிய திரை. அதில் ஓர் எண் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் பயிலக மாணவர்களின் எழுத்தை உலகம் எங்கும் படித்துக்கொண்டிருக்கிறவர்களின் தொகை. அது ஏறும்போது அறையில் இருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள். இறங்கும்போது விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவளும் அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, சட்டென்று இருமிக் கலைத்தாள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ‘விதை’ என்று பெயர். பின்தொடர்பவர்கள் சேர்ந்த பிறகு ‘செடி’. அதற்கப்புறம் ‘மரம்’. விதைகள் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள்: “வாசகர் போய்விடுவார். போவதற்குள் பிடிப்பேன். பிடித்ததை விடமாட்டேன்.”

பிறகு இயக்குநர் பேசினார். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் பேசுவது போன்ற மெல்லிய குரல் அவருக்கு.

“நாம யாரையும் அழ வைக்கறதில்ல. அது பாவம். ஜனங்க அழறதுக்கு இடம் தேடி அலையறாங்க. நாம ஒரு நாற்காலி போட்டுத் தர்றோம். நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு விளம்பரம் இருக்கும், அவ்வளவுதான்.”

எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் தெரியும்படிதான் அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அவள் கொண்டுபோயிருந்தது ஓட்டுநர் ஒருவரைப் பற்றிய எழுத்து. வேலைக்குக் கண் பரிசோதனைச் சான்று கேட்டிருக்கிறார்கள் அவரிடம். கடைக்கு வெளியே நின்று, உள்ளே மற்றவர்கள் உரக்கப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே வந்தார். அவள் அன்றைக்கென்று வேறு பலகையை மாட்டியதும் பழைய பலகையை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தார். கடைசி வரியை முடித்துவிட்டு, “சரியாம்மா?” என்று சுவருக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக் கேட்டார். தங்கை இதைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தாள்.

பயிற்றுநர் ஓர் இளம்பெண். ஒரு மாணவிக்குக் கூட அவள் ‘போங்க, வாங்க’ என்ற மரியாதையைக் குறைத்ததில்லை. முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இதுல யாரு சாகறாங்க?”

“யாரும் சாகலைங்க. அவருக்குக் கண்ணாடி போட்டு அனுப்பிட்டோம்.”

“வழியில விபத்து எதுவும்?”

“இல்லைங்க. அடுத்த மாசம் பையனையும் கூட்டிட்டு வந்தாரு.”

“பையனுக்குக் கண்ணு தெரியாதா?”

“லேசா கிட்டப்பார்வை.”

பயிற்றுநர் பரிதாபத்தோடு பார்த்தாள். “அப்ப வாசகர் எதுக்கு நிக்கணும்? கொக்கி எங்க? நீங்க நல்லா எழுதறீங்க, அதுதான் பிரச்சினை. படிச்சிட்டு சந்தோஷமா எந்திரிச்சுப் போயிடறாங்க. சரி, வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நானும் தங்கச்சியும்தான். அவளுக்கு இப்ப சிகிச்சை நடந்துட்டிருக்கு.”

பின்வரிசையில் யாரோ பேனா எடுக்கும் சத்தம் கேட்டது. இயக்குநர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவளுக்கு எதிரில் நின்றார். “இதைப் போய் முழங்கால்னு எழுதியிருக்கீங்களேம்மா” என்றார், அன்பாக.

தங்கையிடம் கேட்டாள். “எழுதேன்க்கா. ஆனா என் மூக்கைப் பத்தி எழுதாதே. அப்பா மூக்குன்னு யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாது” என்றாள் தங்கை. அதனால் அவர்கள் இருவரும் விக் கடைக்குப் போனதை எழுதினாள். தங்கை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்றில் வங்கி மேலாளர் போலவும் இன்னொன்றில் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவள் போலவும் இருந்ததாகச் சொன்னது, கடைக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தவித்தது, எல்லாவற்றையும் எழுதினாள். கணக்கின் கடவுச்சொல் சேரும்போதே பயிலகத்திடம் கொடுத்தாயிற்று என்பதால், ‘மெருகேற்றி’ அவர்களே வெளியிட்டார்கள். கடைக்காரர் போயிருந்தார். கொள்ளைக்காரி போயிருந்தாள். மேலே தங்கையின் படமும் ஒரு தலைப்பும் வந்திருந்தன: ‘இன்னும் எத்தனை நாள் இவள்?’

சுவரில் எண் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அன்று அவள் செடி ஆனாள்.

முன்பின் தெரியாதவர்கள் தங்கைக்காக உருகினார்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது, போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஆறுதல் சொன்னார்கள். தங்கையின் படத்துக்குப் பக்கத்தில் ஆயுள் காப்பீட்டு விளம்பரம் வந்தது. தங்கை முதலில் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பிறகு மெதுவாகப் படித்தாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் சத்தம் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள், ஏன் வீடு இப்படி ஊமையாகிவிட்டது என்று அவள் யோசித்தாள். யோசித்ததை அந்த வாரம் பதிவாக எழுதலாமா என்றும் தோன்றியது. தோன்றியதும் தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போனது. ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான்.

செடிகளைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சுவர் முழுக்க நாட்காட்டி. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு கட்டம். நாட்காட்டி அதிகாரி என்று ஒருவர் இருந்தார். எதையும் நேராக வெட்டி ஒட்டியே பழகிய மனிதர், பேச்சும் அப்படித்தான். அவள் வரிசையில் ‘நம்பிக்கை’, ‘தடுமாற்றம்’, ‘மீண்டும் நம்பிக்கை’ என்று போய், அடுத்த கட்டத்தில் சாம்பல் நிறத்தில் ‘இழப்பு’ என்று இருந்தது.

“இது யாரோட இழப்புங்க?”

“உங்களோடது.”

“நான் என்ன இழக்கப் போறேன்?”

“அது படைப்புச் சுதந்திரம். அதுல நாங்க தலையிடறதில்ல” என்றார் அதிகாரி. “கட்டம் காலியா இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான் விதி. நீங்க நிரப்பலைன்னா பயிலகம் நிரப்பிடும்.”

“யாரும் எதையும் இழக்கலைன்னா?”

அவர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். “வாசகர் எண்ணிக்கையோட வளைகோட்டைப் பாருங்க. இந்த வாரத்துக்கப்புறம் ஜனங்க சலிச்சுப் போவாங்க. வளைகோட்டுக்கு உங்க தங்கச்சி யாருன்னே தெரியாது. அதனால அது பொய் சொல்லாது.”

அந்த வாரம் மருத்துவர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “சுத்தமா இருக்கு. இனிமே எப்பவாவது வந்து காட்டிட்டுப் போனாப் போதும்” என்றார். வெளியே வந்ததும் தங்கை ஆஸ்பத்திரி வாசலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, அவளைக் கட்டிப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள். “அக்கா, எனக்கு மூக்கு மட்டும்தான் இனி குறை” என்றாள்.

அவள் நேரே பயிலகத்துக்குப் போய்ச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அறையில் தலைகள் தாழ்ந்தன. பயிற்றுநர் எழுந்து வந்து அவள் தோளைப் பற்றினாள். “மனசைத் தளர விடாதீங்க.” பக்கத்தில் இருந்த மாணவர், எப்போதும் டை கட்டிக்கொண்டு வருகிறவர், குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் இப்படித்தான் ஆச்சுங்க. வளைகோடு உச்சத்துல இருக்கும்போது அப்பா பிழைச்சுட்டார். யார்கிட்டச் சொல்லி அழறது? இப்ப அவர் காலைல நடக்கப் போறாரு. நான் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டிருப்பேன்.” அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

தங்கை குணமான செய்தியை அவள் எழுதிக் கொடுத்தாள். கட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அந்த மட்டில் முடிந்தது என்று நினைத்தாள்.

அடுத்த சில நாளில், கடையில் ஒரு பெண்மணிக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, முதலாளி எதுவும் பேசாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பின்னால் போட்டார். “உக்காரும்மா. நீ ஏன் இன்னிக்கு வேலைக்கு வந்தே?” என்றார். கைபேசியை நீட்டினார். கறுப்புக் கட்டத்துக்குள் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். ‘என் விளக்கு அணைந்தது’ என்று தலைப்பு. எழுதியவர் இடத்தில் அவள் படம். கீழே இதயங்கள் கொட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு ஓடினாள். தங்கை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“சித்தி, அழாதீங்க. நான்தான் பேசறேன்... அக்கா இல்ல சித்தி, நான்... அதான் சொல்றேனே, எனக்கு ஒண்ணும் ஆகலை.” ஒலிபெருக்கியில் சித்தியின் அழுகை இன்னும் பெரிதானது. “ஐயோ, உனக்கு அவ குரல்கூட அப்படியே இருக்கே! கூடவே இருந்தவளாச்சே, பித்துப் பிடிச்சு என்னென்னவோ பேசறியே!” தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. அன்று அவள் சிரித்ததுதான் கடைசி.

தங்கையின் இணையக் கணக்கை, இறந்தவர்களுக்கான நினைவுப் பக்கமாக மாற்றிவிட்டார்கள். அதில் அவளால் எதுவும் எழுத முடியவில்லை. பயிலகப் பதிவின் கீழே ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று வேறொரு பெயரில் எழுதினாள். மறைந்தவரை அவமதித்ததாகப் பலர் புகார் செய்ததால் அது நீக்கப்பட்டது. காப்பகத்திலிருந்து தலைமை ஆயா பேசினாள். “நீ இருக்கறது சந்தோஷம்தான்டி பொண்ணே. ஆனா குழந்தைங்ககிட்டச் சொல்லியாச்சு. எல்லாம் உனக்குப் படம் வரைஞ்சு முடிச்சிடுச்சுங்க. இப்பப் போய் நீ வாசல்ல வந்து நின்னா பயந்து ஜுரம் வந்துடும். உன் இடத்துக்கு வேற ஆளும் வந்துட்டா. கொஞ்ச நாள் போகட்டுமே.”

மருந்துக் கடைக்காரர் தங்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, “செத்துப்போன அந்தப் பொண்ணு மாதிரியே இருக்கீங்க” என்றாராம். வந்து சொன்னவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நான் தெருவுல போறப்ப யாரும் விலகறதில்ல. மேல வந்து இடிக்கறாங்க. காலைலேர்ந்து எனக்கு ஒரு சந்தேகம்.”

“என்னடி சந்தேகம்?”

“ஒண்ணுமில்ல. நீ என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ.”

கை சில்லென்று இருந்தது. அவள் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். இதை நான் செய்யவில்லை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் பதிவில் தலைப்பை மாற்றியபோது ஏன் சும்மா இருந்தாய் என்று அங்கிருந்து பதில் வந்தது. எண் ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை.

பயிலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவள் மரம் ஆகிவிட்டாளாம். தங்கையையும் உடன் அழைத்துக்கொண்டு போனாள். ஆளை நேரில் பார்த்தால் பதிவை நீக்கித்தானே ஆக வேண்டும் என்று அவள் நம்பினாள். வரவேற்பில் இருந்தவள் தங்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவங்க உள்ள வர முடியாது. நேரலை நடக்கப் போகுது. மாடிப்படியில உக்காரட்டும்” என்றாள். தங்கை மறுபேச்சுப் பேசாமல் படியில் போய் உட்கார்ந்தாள். அந்த மறுபேச்சுப் பேசாமைதான் அவளைக் கலக்கியது.

உள்ளே விளக்குகள், ஒரு கேமரா, நடுவில் ஒரு நாற்காலி. அதில் அவளை உட்கார வைத்து, சட்டையில் ஒரு மைக்கைக் குத்தி, கையில் ஓர் இரங்கல் உரையைக் கொடுத்தார்கள். “நல்லா எழுதியிருக்கோம். நடு நடுவுல நீங்க உடையற இடமெல்லாம் குறிச்சிருக்கு” என்றாள் பயிற்றுநர்.

“பதிவை எடுத்துடுங்க” என்றாள் அவள். “என் தங்கச்சி வெளிய படியில உக்காந்திருக்கா.”

இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாணவர்களும் கேட்கட்டும் என்று சற்றே திரும்பி நின்று பேசினார்.

“பொய்ங்கறீங்களா? எத்தனை லட்சம் பேர் அழுதிருக்காங்க. அதுல ஒரு சொட்டாவது பொய்யா? அழுகை உண்மைன்னா அதுக்குக் காரணமான விஷயம் எப்படிம்மா பொய்யாகும்? பாருங்க, இது எல்லாருக்கும் ஒருநாள் வரத்தான் போகுது. நாம கொஞ்சம் முன்னாடியே போட்டோம். அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப நீங்க வந்து, இல்ல, இருக்கான்னு சொன்னா என்ன ஆகும்? இத்தனை பேரையும் ஏமாத்தின பாவம் உங்களுக்குத்தான். எங்க மனசாட்சி அதுக்கு இடம் தராது.”

“அவளுக்கு வேலை போயிடுச்சு. அவ பேரே போயிடுச்சு.”

“வேற ஊர்ல, வேற பேர்ல நல்லபடியா இருக்கட்டுமே. நாங்க என்ன கொலைகாரங்களா?”

மாணவர்கள் லேசாகச் சிரித்தார்கள். நாட்காட்டி அதிகாரி சுவரோரம் நின்று அவளுடைய வரிசையைச் சுருளாகக் கையில் வைத்திருந்தார். நீட்டிக் காட்டினார். ‘இழப்பு’க்கு அப்புறம் ‘தனிமை’. அதற்கப்புறம் ‘கடிதங்கள்’. அதற்கும் அப்புறம் மறுபடி ஒரு சாம்பல் கட்டம், இந்த முறை எதுவும் எழுதாமல்.

“இது?”

“அதுல நீங்க கவலைப்பட ஒண்ணுமில்ல. அந்த வாரம் எழுத வேற ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு.”

“ஏன், நான் எங்க போறேன்?”

அதிகாரி சுருளைக் கவனமாகச் சுற்றி ரப்பர் வளையத்தை மாட்டினார். “தொடருக்கு ஒரு முடிவு வேணும் இல்லீங்களா?” என்றார்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. “பேசுங்க” என்று இயக்குநர் உதட்டை மட்டும் அசைத்தார். சுவரில் எண் ஏறியது. அறை முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அவள் தாளைப் பார்த்தாள். கூச்சல் போட வேண்டும் போலிருந்தது. கூச்சல் போட்டால் நன்றாக இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். அழுதாலும் நன்றாக இருக்கும். மைக்கைப் பிடுங்கி எறிந்தாலும், மயங்கி விழுந்தாலும், எதைச் செய்தாலும் அதற்கு ஒரு தலைப்பு வைத்துவிடுவார்கள்.

“மாட்டேன்” என்றாள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல.

“துக்கம் தொண்டையை அடைக்குது” என்று பயிற்றுநர் கேமராவுக்கு விளக்கினாள். திரையில் இதயங்கள் பறந்தன.

அவள் எழுந்து தாளை நாற்காலியில் வைத்தாள். மைக்கைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். தங்கை இருந்த மாடிப்படிக் கதவை நோக்கி நடந்தாள். வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை. சாயங்காலம் கடையைச் சாத்தும் நேரத்தில் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுப் போகிறவளைப் போல நடந்தாள்.

“அந்தக் கதவு வேண்டாம்மா, அங்க அவங்க தெரிவாங்க” என்றது பின்னாலிருந்து இயக்குநரின் மெல்லிய குரல். அவள் நிற்கவில்லை. குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. “சரி, போங்க. போறப்ப கண்ணை மட்டும் ஒரு தடவை துடைச்சுக்கோங்க. அது போதும்.”

இவ்வளவு நேரம் விளக்குகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததில் கண்கள் எரிந்தன. ஒரு கண்ணில் நீர்கூடக் கோத்து, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அவள் இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடியே நடந்தாள்.